காணாமல் போன தூறல்

மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறேன் பேர்வழி என்று நான் எழுதிய நிரல்தான் எங்கள் கணினி அறையிலேயே அதிக மின்சாரம் தின்ற நிரல். இதை நான் தனியாகக் கண்டுபிடித்திருந்தால் சத்தமில்லாமல் அழித்திருப்பேன். துறைத் தலைவர்கள் எல்லாரையும் கூட்டி உட்கார வைத்து, "இப்போது திருடனைப் பார்ப்போம்" என்று நானே திரையில் போட்டுக் காட்டியபோது எல்லாருமாகச் சேர்ந்து கண்டுபிடித்தார்கள்.

எந்த நிரல் எவ்வளவு மின்சாரம் குடிக்கிறது என்று வேவு பார்க்க ஒரு நிரலை, மதியச் சாப்பாட்டுக்கும் தே தாரிக் டீக்கும் நடுவில், பைதான் மொழியில் தட்டிப் போட்டிருந்தேன். அது ஒவ்வோர் இயந்திரத்திடமும் போய் "எவ்வளவு? எவ்வளவு?" என்று மூச்சு விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தது. கேட்பதற்கும் செலவாகும் என்பது எனக்குத் தோன்றவில்லை. பெரிய கணக்குகள் ஓட்டும் வானிலைக்காரர்கள் முதலிடத்தில் இருப்பார்கள் என்று நான் எதிர்பார்த்த வரிசையில், முதலிடத்தில் என் பெயர் இருந்தது. கூட்ட அறையில் ஏசி பதினாறில் ஓடியது. நான் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கார்பன் தடம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அந்தக் காட்சியில் எது அதிக அசிங்கம் என்று இன்றுவரை என்னால் முடிவு செய்ய முடியவில்லை.

இப்படிப்பட்டவனைத்தான் பசுமைக் கணினிப் பொறுப்பாளர் ஆக்கினார்கள். இப்போது ஓய்வு பெற்று, பிரிக்ஃபீல்ட்ஸில் ஓர் அடுக்குமாடியில், எந்த வெள்ளமும் எட்டாத உயரத்தில் உட்கார்ந்திருக்கிறேன். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். அனுபவம் என்பது நடந்து முடிந்த பிறகு நாம் வைத்துக்கொள்ளும் கௌரவமான பெயர். நடக்கும்போது அதற்கு வேறு பெயர்.

நம் நிலையத்தின் வேலை உங்களுக்குத் தெரியும். கிள்ளான் பள்ளத்தாக்கில் மழை பெய்தால் தண்ணீர் எங்கே போகும், எங்கே போகாது, யார் வீட்டுக்குள் நுழையும் என்று கணக்குப் போடுவது. என் காலத்தில் அந்தக் கணக்கின் உயிர் புனிதா. ஆண்டுக்கு ஆண்டு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் ஆய்வு அதிகாரி. கிள்ளானில் தாழ்வான ஒரு தாமான் குடியிருப்பில் வீடு. தினமும் கொமியூட்டர் ரயிலில் நிலையம் இருக்கும் பெட்டாலிங் ஜெயாவுக்கு வருவாள். வீட்டில் அவளும் அப்பாவும் மட்டும். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. மாடிப்படி ஏற முடியாது. அதனால் கட்டில் கீழே, கூடத்தில். அந்தக் கூடத்தின் தரையும் வெளியே ஓடும் பெரிய லோங்கான் வாய்க்காலின் விளிம்பும் கிட்டத்தட்ட ஒரே மட்டம்.

அவள் ஏன் இந்த வேலைக்கு வந்தாள் என்று யாரும் கேட்டதில்லை. கேட்க வேண்டியதும் இல்லை.

மழைக்காலத்தில் தினமும் சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பா கேட்கும் முதல் கேள்வி, "இன்னிக்கி நம்ம வீட்டுக்குத் தண்ணி வருமா?" என்பதாம். சாப்பிட்டாயா என்பது இரண்டாவது. அவள் சொல்லும் பதிலை அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தெருவுக்கே ஒலிபரப்புவார். அந்தத் தெருவில் அவர்கள் வீட்டுக்குக் "கம்ப்யூட்டர் வீடு" என்று பெயர்.

அவரிடம் ஒருமுறை புனிதா கார்பன் விஷயத்தை விளக்கியிருக்கிறாள். மின்சாரம் எரிகிறது, காற்று சூடாகிறது, மழை முறை தவறிப் பெய்கிறது, எங்கள் இயந்திரமும் மின்சாரம் எரிக்கிறது என்று. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அப்படியென்றால் வெள்ளம் வரும் என்று சொல்கிற மெஷினே வெள்ளத்தைக் கொண்டு வருகிறதா என்று கேட்டாராம். புனிதா அதைச் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னாள். நானும் சிரித்தேன்.

அவளுடைய முதல் நிரல் பைதானில் எழுதப்பட்டது. படிக்க அழகு. ஓட, ஓட்டை லோரி. ஒரு நாள் மழைக்குக் கணக்குப் போட ஒரு நாள் எடுக்கும். அதாவது வெள்ளம் வரும் என்று அது சொல்லும்போது மக்கள் வீட்டைக் கழுவிக்கொண்டிருப்பார்கள். ஒருமுறை அது அதிசயமாக நேரத்தோடு, ஆனால் தப்பாக எச்சரித்து, புனிதா அப்பாவைக் காஜாங்கில் இருக்கும் அத்தை வீட்டுக்குக் கொண்டுபோய், ஒரு சொட்டுத் தண்ணீரும் வராமல் திரும்பக் கூட்டி வந்தாள். போக வர அவர் சொன்ன வார்த்தைகளை அவள் எனக்குச் சொல்லவில்லை. கிரேன் ஓட்டியவர்களின் சொல்வளம் பற்றி எனக்கு ஓரளவு தெரியும்.

நான்தான் மொழியை மாற்றலாம் என்றேன். எனக்கு ஃபோர்ட்ரான் தெரியும். என் வயதுக்காரர்கள் அதைக் கொலஸ்டிரால் மாதிரி, டாக்டர் கேட்டால் மட்டும் ஒப்புக்கொள்வார்கள். பழைய மொழி, முரட்டு மொழி. ஆனால் எண்களைக் கொடுத்தால் வாய் பேசாமல் மென்று தள்ளும். புனிதா அதைக் கற்றுக்கொண்டு நிரல் முழுவதையும் திருப்பி எழுதினாள். ஒரு நாள் முழுக்க ஓடிய கணக்கு, கோப்பி குடித்து வருவதற்குள் முடிந்தது. மின்சார மீட்டர் இறங்கியது. எங்கள் இயக்குநர், டத்தோ பட்டம் வாங்கியவர், என் தோளைத் தட்டி இது ஒரு பசுமைப் புரட்சி என்று ஆங்கிலத்தில் சொன்னார். தோளைத் தட்டுகிறவர்களிடம் ஜாக்கிரதையாக இருங்கள். அடுத்து எதையாவது கேட்பார்கள்.

மீட்டர் இறங்கியே இருக்கவில்லை. முன்பு ஒரு கணக்குக்கு ஒரு நாள் ஆகும் என்பதால் ஆய்வாளர்கள் யோசித்துத்தான் ஓட்டுவார்கள். இப்போது கோப்பி நேரம்தானே என்று, இப்படி மழை பெய்தால் என்ன, அப்படிப் பெய்தால் என்ன, பெய்யாமலே போனால் என்ன என்று ஆளுக்கு நூறு தடவை ஓட்டினார்கள். ஃபெடரல் ஹைவேயில் இன்னொரு லேன் போட்டால் நெரிசல் தீரும் என்று நம்பிய ஊர்க்காரர்கள் நாம். நமக்கு இது புதிதாக இருந்திருக்கக் கூடாது. யாரைக் கேட்டாலும் தன் பங்கு ரொம்பக் கொஞ்சம், அதை நிறுத்தி என்ன ஆகப்போகிறது என்றார்கள். ஒவ்வொருவரும் சொன்னது உண்மை. மீட்டர் மட்டும் பழைய இடத்துக்கு வந்துவிட்டது.

இன்னொன்றும் நடந்தது. அது மீட்டரில் தெரியாது. கணக்கு ஒரு நாள் ஓடிய காலத்தில், காலையில் வந்து அதன் முன்னால் உட்கார்ந்து, மகனின் பரீட்சைத் தாளைப் பார்ப்பதுபோல வரி வரியாகப் பார்ப்போம். கோப்பிக்குள் முடிய ஆரம்பித்ததும் யாரும் விடையைப் பார்ப்பதில்லை. அடுத்ததை ஓட்டினார்கள்.

டத்தோவுக்குப் பசுமைச் சான்றிதழ் வேண்டும். அதைத் தருகிறவர்கள் மீட்டரைத்தான் பார்ப்பார்கள். ஆகவே அடுத்த சிக்கனம், எண்களின் வாலை நறுக்குவது. அதுவரை ஒவ்வோர் எண்ணையும் ஏறக்குறைய பதினாறு இலக்கத்துக்கு வைத்திருந்தோம். அதை ஏழாகக் குறைத்தால் இயந்திரம் பாதிச் சுமைதான் சுமக்கும். உலகம் முழுக்கச் செய்கிறார்கள். தண்ணீர் மட்டத்தை ஏழு இலக்கத்துக்கு மேல் எந்த அளவுகோல் அளக்கப்போகிறது? நானும் புனிதாவும் உட்கார்ந்து சோதித்துப் பார்த்தோம். ஊரே நினைவில் வைத்திருக்கும் பெரிய மழைகளை எல்லாம் எடுத்து, பழைய கணக்கையும் புதிய கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். ஒரு வித்தியாசமும் இல்லை. நிம்மதியாக மாற்றினோம். மீட்டர் இறங்கியது. தோளில் மறுபடியும் தட்டு.

அந்த மழைக்காலத்தில் புதிய நிரல் புனிதாவின் தாமானுக்கு நாள் தவறாமல் "வராது" என்றே சொன்னது. புனிதா அப்பாவிடம் சொன்னாள். அப்பா தெருவிடம் சொன்னார். பக்கத்து வீட்டில் தையல் வேலை செய்யும் அக்கா ஒருவர் இருந்தார். வருஷா வருஷம் மழைக்காலம் தொடங்கியதும் தையல் மிஷின்களை மேசைமேல் ஏற்றிக் கட்டி வைத்துவிட்டு, கையால் செய்யக்கூடிய வேலையாகப் பார்த்து வாங்கிச் செய்வாராம். அந்த வருஷம் அவர் மிஷின்களைத் தரையிலேயே வைத்துத் தைத்தார். கம்ப்யூட்டர் வீடு பக்கத்திலேயே இருக்கும்போது எதற்குத் தூக்க வேண்டும்?

பெரிய மழை வரவில்லை. அதுதான் விஷயம். ஒரு வாரம் முழுக்க, பெய்கிறதா நின்றுவிட்டதா என்று கையை நீட்டிப் பார்க்க வேண்டிய தூறல். அதுவும் நிற்காமல். ஒரு பிற்பகல் புனிதா என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"சார், தூறலைக் காணோம்."

ஜன்னலைக் காட்டினேன். வெளியே தூறிக்கொண்டுதான் இருந்தது.

"அங்க இருக்கு சார். நம்ம கணக்குலதான் இல்ல. தாமான் பக்கத்துல தேக்கக் குளத்தோட அளவுகோல் ஏறிக்கிட்டே வருது. நம்ம மாடல்ல அதே குளம் ஒரு வாரமா அசையல. மழை விழுது சார். விழுந்தது எங்க போவுதுன்னு தெரியல."

அவள் கை கதவின் கைப்பிடியை விடவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். உங்களுக்கும் இது வரும். கணக்கு ஒன்று சொல்கிறது, அளவுகோல் வேறொன்று சொல்கிறது. அளவுகோலில் குப்பை மாட்டிக்கொண்டிருக்கலாம். நம் ஊர் லோங்கானில் மெத்தைகூட மிதந்து வரும். கணக்கை அவசரப்பட்டு மாற்றித் தப்பான எச்சரிக்கை கொடுத்தால், அடுத்த முறை உண்மையைச் சொன்னாலும் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். கைகள் பரபரக்கும். அப்போது செய்ய வேண்டியது, பெரிய கேள்வியை அப்படியே வைத்துவிட்டு, குழந்தைகூடப் பதில் சொல்லக்கூடிய சின்னக் கேள்வி ஒன்றைக் கேட்பது.

ஓட்டையில்லாத ஒரு தொட்டியை நிரலுக்குள் கட்டினோம். ஆள் முங்கும் அளவுக்குத் தண்ணீர் விட்டோம். அதன்மேல் தூறலை மட்டும் பெய்ய விட்டோம். தண்ணீர் வெளியே போக வழியே கிடையாது. பெய்தது எவ்வளவோ அவ்வளவு ஏறியிருக்க வேண்டும்.

ஒரு மயிரிழைகூட ஏறவில்லை.

லோரியை எடை போடும் மேடையில், லோரி நிற்கும்போது ஒரு மிளகாயைத் தூக்கிப் போட்டால் முள் அசையாது. முள் அசையவில்லை, ஆகவே எடை கூடவில்லை என்று எடுத்துக்கொள்கிறீர்கள். இன்னொரு மிளகாய். அசையவில்லை. இப்படி ஒவ்வொன்றாகப் போட்டு ஒவ்வொரு முறையும் "கூடவில்லை" என்று முடிவு செய்தால், மூட்டை மூட்டையாக மிளகாய் ஏறிய பிறகும் உங்கள் கணக்கில் லோரி அதே எடைதான். எங்கள் நிரல் நேரத்தைப் பொடிப் பொடியாக நறுக்கி, ஒவ்வொரு பொடிக்கும் விழுந்த மழையைத் தண்ணீர் மட்டத்தோடு கூட்டுகிறது. பெரிய மழை மூட்டையாக விழும், முள் அசையும். தூறல் மிளகாய். ஏழு இலக்க எண்ணுக்குள் அதற்கு இடம் இல்லை. பெரிய மழைகளை மட்டும் எடுத்து நாங்கள் சோதித்ததால், எல்லாம் சரியாக இருந்தது. தூறலுக்கு யார் சோதனை வைப்பார்கள்?

தமிழ்ப்பள்ளிச் சுவரில் "சிறு துளி பெரு வெள்ளம்" என்று எழுதியிருந்ததைப் பார்த்துக்கொண்டே படித்தவர்கள் நாங்கள் இருவரும். அந்த ஒரு பழமொழியைப் பொய்யாக்குவதற்காக இவ்வளவு உழைத்திருக்கிறோம் என்று சொன்னேன். புனிதா சிரிக்கவில்லை.

டத்தோவிடம் போனேன். எண்களின் வாலைத் திரும்ப ஒட்ட வேண்டும், மீட்டர் ஏறும், இதுவரை கொடுத்த வரைபடங்கள் கிள்ளானின் தாழ்வான பகுதிகளுக்குத் தப்பு என்று சொல்ல வேண்டும் என்றேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. எனக்குக் கோப்பி வரவழைத்தார். சான்றிதழ்க்காரர்கள் வியாழக்கிழமை வருகிறார்கள், வெள்ளிக்கிழமை காலை முதல் வேலையாக நாமே இதைச் செய்வோம் என்றார். வெறும் தூறல்தானே என்றும் சொன்னார். அவர் அறையின் பெரிய கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்க்கும்போது அது அப்படித்தான் இருந்தது. ஈரமே இல்லாத மழை மாதிரி.

நான் கோப்பியைக் குடித்து முடித்துவிட்டு வந்து மாற்றச் சொல்லிவிட்டேன். வீரம் ஒன்றும் இல்லை. எனக்கு ஓய்வுக்குக் கொஞ்ச காலமே பாக்கி. இழக்க ஒன்றும் இல்லாதவனின் துணிச்சலுக்குப் பெயர் துணிச்சல் இல்லை. ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டிய நிலையில் இருந்தவள் புனிதா. விசையை அழுத்தியது அவள் விரல்.

விடை வந்தது. வாலோடு கூடிய எண்கள், காணாமல் போயிருந்த தூறலை எல்லாம் ஒரேயடியாகக் கொண்டுவந்து குளத்தில் கொட்டின. குளம் நிரம்பியிருந்தது. மறுநாள் விடியும்போது கடல் ஏறும். அப்போது கிள்ளான் ஆறு கடலுக்குள் போக முடியாமல் திரும்பி நிற்கும். லோங்கான் தண்ணீருக்குப் போக இடம் இருக்காது. தாமானில் இடுப்பளவு என்றது கணக்கு.

வெள்ள அறிவிப்பு கொடுக்கும் வட்டார அலுவலகத்துக்கு வரைபடத்தை அனுப்பிவிட்டுப் பேசினேன். எடுத்த அதிகாரி மரியாதையான இளைஞர். நேற்று அனுப்பிய வரைபடத்தில் ஈரமே இல்லையே, இரண்டில் எதை நம்புவது என்று கேட்டார். இதை என்றேன். நாளைக்கு மூன்றாவதாக ஒன்று வருமா என்றார். நியாயமான கேள்வி. இயக்குநர் உறுதி செய்தால் உடனே அறிவித்துவிடலாம் என்றார். இயக்குநர் கூட்டத்தில் இருந்தார். கூட்டம் வியாழக்கிழமை பற்றியது.

புனிதா வீட்டுக்குத் தொலைபேசியில் பேசிப் பார்த்தாள். அப்பா போனை வைத்துவிட்டார். அவளை ஏற்றிக்கொண்டு நான் காரை எடுத்தேன். ஃபெடரல் ஹைவே முழுக்கச் சிவப்பு விளக்கு. வைப்பர் போட்டால் கண்ணாடி காய்ந்துபோய்க் கீச்சிட்டது. போடாவிட்டால் சாலை தெரியவில்லை. அப்படிப்பட்ட மழை. அந்த மழைக்குப் பயந்து நாங்கள் இரண்டு பேர் மட்டும் அந்தச் சாலையில் ஓடிக்கொண்டிருந்தோம்.

தாமானில் யாருக்கும் அவசரம் இல்லை. ஐந்தடி நடைபாதையில் பையன்கள் பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள். தையல் அக்கா எங்களைப் பார்த்ததும், என்ன புனிதா இன்னிக்கி சீக்கிரம் என்று உள்ளிருந்தே மிஷினை மிதித்துக்கொண்டு கேட்டார். அப்பா வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். புனிதா, கிளம்புங்கள், காஜாங்குக்குப் போக வேண்டும் என்றாள்.

"எதுக்கு?"

"தண்ணி வரும்ப்பா. காலையில."

"நேத்து கேட்டேன். வராதுன்ன."

"நேத்து தெரியாதுப்பா."

"நேத்து பேஞ்சதும் இதே மழைதான்."

நான் நடுவில் புகுந்து இலக்கம், வால் என்று என்னவோ சொல்லத் தொடங்கினேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் வாக்கியத்தின் பாதியில் நிறுத்திக்கொண்டேன். போன தடவை காஜாங்குக்குத் தூக்கிக்கொண்டு போய் ஊர் சிரித்தது போதும், இந்தத் தெருவில் தன் பேச்சுக்கு ஒரு மதிப்பு இருக்கிறது, அதைத் தூறலுக்காகக் கெடுத்துக்கொள்ள முடியாது என்றார். பல வருஷமாக உடம்பில் பாதி இல்லாமல் வாசலில் உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு அந்த மதிப்பு எவ்வளவு பெரியது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அது முழுக்க முழுக்க மகள் சொன்ன பதில்களால் கட்டியது.

புனிதாவுக்கும் அது தெரிந்திருந்தது. அவர் முன்னால் குனிந்து, நாற்காலியின் கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா. இவ்வளவு நாளா நான் தப்பா சொல்லிட்டேன். இன்னிக்கி மட்டும் இல்ல. தூறல் விழுந்த ஒவ்வொரு நாளும். நீங்க தெருவுல சொன்னதெல்லாம் தப்பு. வெள்ளம் வராம இருந்தது நம்ம நல்ல நேரம்."

அவர் அவளையே பார்த்தார். நல்லபடியாக இருக்கும் கையால் அவள் கையை நாற்காலியிலிருந்து எடுத்துவிட்டார். பிறகு என்னிடம், "சார், இந்தப் பக்கம் புடிங்க" என்றார்.

நானும் இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களும் நாற்காலியோடு தூக்கினோம். காருக்குப் போகும் வழியில் தெரு நடுவில் நிறுத்தச் சொன்னார். கப்பலில் நிற்பவனுக்குக் கேட்கும்படி பேசிப் பழகிய குரல்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. எம் பொண்ணு சொன்னது தப்பாம். அவளே சொல்றா. சாமானைத் தூக்கி வெச்சிக்குங்க."

புனிதா கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தலை குனிந்து நின்றாள். எங்கள் நிலையம் அனுப்பிய வரைபடத்தை நம்பாத தெரு, இதை நம்பியது. கணக்குப் போட்டவரே தப்பு என்று சொன்னால் ஜனங்களுக்கு உடனே புரிகிறது. சிலர் சாமான்களை மாடியில் ஏற்றினார்கள். சிலர் காரை மேட்டுப் பக்கம் கொண்டுபோய் விட்டார்கள். தையல் அக்கா இரண்டு நாளில் கல்யாணத் துணி கொடுத்தாக வேண்டும், கொஞ்சம் தையல் பாக்கி, முடித்துவிட்டுத் தூக்குகிறேன் என்றார்.

விடியும்போது தண்ணீர் வந்தது. கணக்கு சொன்ன இடத்துக்கு, கணக்கு சொன்ன அளவுக்கு. வட்டார அறிவிப்பு அதற்குச் சற்றுப் பின்னால் வந்தது. யாரும் சாகவில்லை. எங்கள் தொழிலில் இதை வெற்றி என்று எழுதலாம். கூடத்தில் அவருடைய கட்டில் கிடந்த இடத்தில், மெத்தை சுவரோடு ஒட்டி மிதந்துகொண்டிருந்ததைத் தண்ணீர் வடிவதற்கு முன் போனவர்கள் படம் எடுத்து அனுப்பினார்கள். தையல் அக்காவின் மிஷின்கள் மூன்றும் சேற்றில் இருந்தன. கல்யாணத் துணியை மட்டும் தலைமேல் வைத்துக்கொண்டு நின்றிருந்தாராம்.

வியாழக்கிழமை சான்றிதழ்க்காரர்கள் வந்தார்கள். மீட்டரைப் பார்த்தார்கள். ஓரிரு நாள் ஏற்றம் அவர்கள் கண்ணில் படவே இல்லை. மொத்தத்தில் பார்த்தால் ரொம்பச் சின்னது. சான்றிதழ் கிடைத்தது. வரவேற்பறையில் கண்ணாடிச் சட்டத்துக்குள் நீங்கள் தினமும் பார்ப்பது அதுதான்.

பிறகு நிதானமாக உட்கார்ந்து பார்த்தபோது, எல்லா எண்களுக்கும் வால் தேவைப்படவில்லை. தண்ணீர் மட்டம் என்ற ஓர் எண்ணுக்கு மட்டும் பதினாறு இலக்கம் கொடுத்து, மற்றவற்றை ஏழிலேயே விட்டால் போதும். மின்சாரம் ஏறக்குறைய ஏறவே இல்லை. டத்தோ பயந்ததும் நான் வாதாடியதும் ஒன்றுமே இல்லாத விஷயத்துக்காக. இந்த மாதிரி உண்மைகள் எப்போதும் தண்ணீர் வடிந்த பிறகுதான் கிடைக்கும்.

எந்த மொழியில் எழுத வேண்டும் என்று நீங்கள் என்னிடம் கேட்கிறீர்கள். வேகமான மொழியில் எழுதுங்கள். காத்திருக்கும் கணக்கை வேகமாக முடிப்பது நல்லது, பூமிக்கும் நல்லது. ஆனால் மிச்சம் பிடித்ததை என்ன செய்யப்போகிறீர்கள் என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். இல்லையென்றால் அது தானாகவே செலவாகிவிடும். எதையாவது குறைக்கும்போது, குறைத்ததால் யார் காணாமல் போகிறார்கள் என்று தேடுங்கள். அவர்கள் கத்த மாட்டார்கள். தூறல் சத்தம் போடாது.

புனிதாவின் ஒப்பந்தம் அந்த வருஷம் புதுப்பிக்கப்படவில்லை. காரணம் நிதி என்றார்கள். இருக்கலாம். அவள் கோலாலம்பூரில் ஒரு வங்கியில் சேர்ந்தாள். அங்கே எண்களுக்கு எவ்வளவு நீள வால் வேண்டுமானாலும் கொடுக்கிறார்களாம். காசு விஷயத்தில் தூறலை யாரும் விடுவதில்லை சார் என்று சொன்னாள். நான் எதிர்பார்க்காத அளவுக்குக் கசப்பான குரல்.

பொங்கல் கழித்து அவர்கள் வீட்டுக்குப் போனேன். அப்பா கிள்ளானுக்கே திரும்பி வந்திருந்தார். சுவரில் இடுப்பு உயரத்துக்குக் கோடு போட்டதுபோல் கறை. அதன்மேல் சுண்ணாம்பு அடித்தும் தெரிந்தது. பக்கத்து வீட்டில் மிஷின் சத்தம் இல்லை. புனிதா கோப்பி கலக்கும்போது மெதுவாகச் சொன்னாள், அப்பா இப்போதெல்லாம் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை, சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்கிறார் என்று.

எனக்குப் பொறுக்கவில்லை. அவர் எதிரில் உட்கார்ந்து, ஒரு வாளித் தண்ணீரும் ஒரு கரண்டியும் வரவழைத்து, நடந்தது எல்லாவற்றையும் விளக்கினேன். தொட்டி, லோரி, மிளகாய், இலக்கம், வால். உங்கள் மகள்தான் கண்டுபிடித்தாள், அவள் கவனிக்காமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது என்றேன். இனி அந்தத் தப்பு நடக்காது, சரி செய்துவிட்டோம், இப்போது ஒரு துளியும் தப்பாது என்றேன். நான் நன்றாகப் பேசினேன் என்றே நினைக்கிறேன். அவர் கண் கொட்டாமல் கேட்டார். நடுவில் இரண்டு முறை தலையாட்டினார்.

கிளம்பும்போது வாசலில் தூற ஆரம்பித்திருந்தது. கார் தெரு முனையில்தான் நின்றது. இதென்ன மழை, பரவாயில்லை என்று படி இறங்கினேன். பின்னாலிருந்து அவர் கூப்பிட்டார். நல்ல கையில் ஒரு குடையை நீட்டிக்கொண்டிருந்தார்.

"எடுத்துக்கிட்டுப் போங்க சார். உங்க கணக்குல வராத மழைதான். ஆனா நனைக்கும் லா."